கூடவே பயணம் செய்யும் நம்பிக்கை: பிலிப்பினோ மக்களின் பண்பாடும் மரபுகளும்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் 28ஆம் நாள் நம் தாய்த் திருஅவை புனித லொரென்சோ ரூயிசையும் அவருடைய தோழர்களையும் நினைவுகூருகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் முதல் புனிதர் அவர். அந்தத் திருநாளை முன்னிட்டு, அவர் பிறந்த நாட்டு மக்களின் பண்பாட்டையும் பக்தி மரபுகளையும் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

'ஏற்காட்டு மலையில் இருக்கிற நமக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கும் என்ன சம்பந்தம், சாமி?' என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் மலையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 'அங்கே கோயிலுக்குப் போனா பாதிக்கு மேல பிலிப்பினோக்காரங்கதான்' என்பார்கள். துபாய் புனித மரியா ஆலயத்தில் தமிழிலும் திருப்பலி உண்டு, அவர்களுடைய தகாலோக் மொழியிலும் திருப்பலி உண்டு. ஒரே பீடம், ஒரே வாசல்.

இன்னொரு கடனும் நமக்கு உண்டு. மணிலாவை அடுத்த கேசோன் நகரில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரேடியோ வேரித்தாஸ் ஆசியா, பல ஆசிய மொழிகளில் சிற்றலையில் ஒலித்தது. தமிழும் அவற்றில் ஒன்று. 2018இல் சிற்றலை நின்று, பணி இணையத்துக்கு மாறும்வரை, வேரித்தாஸ் வானொலியின் தமிழ்க் குரலுக்காக முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். நம் மொழியில் நற்செய்தியைக் காற்றில் ஏற்றி அனுப்பிய நாட்டை ஓரளவாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பெயரும் நாடும்

முதலில் ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். புனித பவுல் 'பிலிப்பியருக்கு' எழுதிய திருமுகம் பிலிப்பைன்ஸ் மக்களுக்கு எழுதியதுதானே என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. பவுலின் பிலிப்பி, கிரேக்க நாட்டின் வடபகுதியில் இருந்த பழைய நகரம். மாசிதோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் அமைந்தது. பிலிப்பைன்ஸ் என்ற பெயரோ, பின்னாளில் ஸ்பெயின் மன்னரான வேறொரு இரண்டாம் பிலிப்பின் பெயரால் 16ஆம் நூற்றாண்டில் சூட்டப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,900 ஆண்டுகள்.

அது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 10 கோடியே 90 லட்சம். நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேருக்கு மேல் கத்தோலிக்கர். ஆசியாவில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் இரண்டே இரண்டு: ஒன்று பிலிப்பைன்ஸ், மற்றொன்று கிழக்குத் திமோர். தெற்கே மிந்தனாவோ தீவில் இஸ்லாமிய மக்களும் நெடுங்காலமாக வாழ்கிறார்கள்.

வாளோடு வந்தது, வீட்டுக்குள் வளர்ந்தது

1521ஆம் ஆண்டு மெகல்லனின் கப்பல்கள் அந்தத் தீவுகளை அடைந்தன. மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழாவன்று, அங்கே திருப்பலி நிறைவேற்றப்பட்டது. ஏப்ரலில் செபு தீவின் தலைவரும் அவர் மனைவியும் மக்கள் பலரும் திருமுழுக்குப் பெற்றார்கள். அரசிக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது குழந்தை இயேசுவின் சிறிய மரச் சிலை. அதே மாதம் 27ஆம் நாள் மக்தான் தீவில் நடந்த சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். கப்பல்கள் திரும்பிவிட்டன.

பிறகு நாற்பத்து நான்கு ஆண்டுகள் குரு இல்லை, திருப்பலி இல்லை. 1565இல் லெகாஸ்பியின் தலைமையில் ஸ்பானியர் மீண்டும் வந்து செபுவைத் தாக்கினார்கள். எரிந்துபோன வீடுகளுக்கிடையே ஒரு வீர‌ர், பெட்டியில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த அந்தச் சிலையைக் கண்டெடுத்தார். மறைக்கல்வி கொடுக்க ஆள் இல்லாத காலத்திலும் அந்த மக்கள் அதைத் தூக்கி எறியவில்லை. வீட்டுக்குள் வைத்துக் காத்தார்கள். 'சாந்தோ நீன்யோ' என்று அழைக்கப்படும் அந்தக் குழந்தை இயேசுவுக்கு இன்றும் சனவரி மூன்றாம் ஞாயிறன்று செபுவில் பெருவிழா. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று மேள தாளத்தோடு ஆடுகிற 'சினுலோக்' என்னும் நடனம் அந்த விழாவின் செபம்.

ஸ்பெயினின் ஆட்சி 1898வரை நீடித்தது. அந்த ஆட்சியில் அநீதிகள் பல நடந்தன. உள்நாட்டுக் குருக்களுக்குச் சம உரிமை கேட்ட காலத்தில், கோமஸ், புர்கோஸ், சமோரா என்னும் மூன்று அருட்தந்தையர் கிளர்ச்சிக்குத் துணைபோனதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1872 பிப்ரவரியில் மணிலாவில் கொல்லப்பட்டார்கள். ஆக, வந்தவர்களின் தவறுகளை அந்த மக்கள் மறந்துவிடவில்லை. ஆனாலும் வந்தவர்கள் கொண்டுவந்த கிறிஸ்துவைத் தங்களவராக்கிக் கொண்டார்கள். எப்படி? தங்கள் வீட்டுப் பழக்கங்களுக்குள் அவரைக் குடியேற்றிவிட்டார்கள். அந்தப் பழக்கங்களில் சிலவற்றைப் பார்ப்போம்.

'மானோ போ'

ஒரு பிலிப்பினோக் குழந்தை தாத்தாவையோ பாட்டியையோ பார்த்தால் 'மானோ போ' என்று சொல்லும். 'போ' என்பது நம் காதில் விரட்டுவதுபோல விழும்! அங்கே அதுதான் மரியாதைச் சொல். நாம் சேலம் பக்கத்தில் 'ஆமாங்க', 'இல்லைங்க' என்று 'ங்க' சேர்க்கிறோமே, அதேபோல அவர்கள் பெரியவர்களிடம் பேசும்போது 'போ' சேர்ப்பார்கள். 'மானோ' என்றால் ஸ்பானிய மொழியில் கை. குழந்தை குனிந்து, பெரியவரின் கையைப் பிடித்து, அதன் புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும். பெரியவர் 'கடவுள் உனக்கு இரங்குவாராக' என்று ஆசி சொல்வார். வீட்டுக்குள் நுழையும்போதும், திருப்பலி முடிந்ததும், ஊரைவிட்டுப் புறப்படும்போதும் இப்படி ஆசி பெறுவார்கள்.

நம்மிடம் இது இல்லாமலா போயிற்று? மாலையில் குடும்ப செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து 'ஸ்தோத்திரம்' சொல்ல, அப்பாவும் அம்மாவும் பாட்டியும் நெற்றியில் சிலுவை வரைந்த வழக்கம் நம் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. பல வீடுகளில் அந்த நேரத்தைத் தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டன.

சாப்பாட்டிலும் நமக்கு உறவு உண்டு. மூன்று வேளையும் சோறு இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. விருந்து என்றால் வாழையிலையை விரித்துச் சோற்றைக் குவித்துச் சுற்றி நின்று கையால் உண்பார்கள். ஒருவரை வழியில் கண்டால் 'சாப்பிட்டாச்சா?' என்பதுதான் நலம் விசாரிப்பு. வெளியூர் போய்த் திரும்புகிறவர் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழையமாட்டார். 'பசாலூபோங்' என்னும் தின்பண்டப் பொட்டலமாவது கையில் இருக்கும். ஒருவர் செய்த உதவியை வாழ்நாள் முழுதும் நெஞ்சில் சுமப்பதை 'உள்ளத்தின் கடன்' என்கிறார்கள். திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த செய்ந்நன்றி அறிதல்தான் அது.

விடியற்காலைத் திருப்பலி

செப்டம்பர் பிறந்துவிட்டாலே அங்கே கிறிஸ்துமஸ் பாட்டுகள் கேட்கத் தொடங்கிவிடும். மூங்கில் குச்சியும் காகிதமும் கொண்டு செய்த 'பரோல்' என்னும் நட்சத்திர விளக்கு வாசலில் தொங்கும். நம் வீட்டு வாசல் நட்சத்திரத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள், பொழுது விடியும் முன்பே திருப்பலி. அதன் பெயர் 'சிம்பாங் கபி'. காபித் தோட்டத்துக்காரர்களான நமக்கு அது 'காபி' என்றுதான் காதில் விழும். அவர்கள் மொழியில் 'கபி' என்றால் இரவு. நிலத்தில் உழைக்கிற விவசாயிகள், வெயில் ஏறுவதற்குள் வேலைக்குப் போகவேண்டும். அவர்களும் பங்கேற்கட்டும் என்று விடியலுக்கு முன் வைக்கப்பட்ட வழிபாடு இது. இருட்டிலே குடும்பம் குடும்பமாக நடந்து வருவார்கள். திருப்பலி முடிந்து வெளியே வந்தால், வாழையிலை விரித்துச் சுட்ட அரிசிப் பணியாரமும், மூங்கில் குழலில் ஆவியில் வேகவைத்த ஊதா நிறப் புட்டும், நம் சுக்குக் காபியைப் போல உறைப்பான இஞ்சிப் பானமும் சுடச்சுட விற்பார்கள்.

டிசம்பரில் நம் மலையில் காபிப் பழம் பறிக்கும் காலம். பனியில் நடுங்கிக்கொண்டே தோட்டத்துக்குப் போகிறவர்கள் நீங்கள். உழைப்பவரின் நேரத்துக்கு ஏற்ப வழிபாட்டு நேரம் அமைவது எவ்வளவு பெரிய மரியாதை என்பது உங்களுக்கு நன்றாகவே புரியும்.

ஒன்பது நாளும் தவறாமல் போனால் கேட்டது கிடைக்கும் என்ற எண்ணம் அந்த மக்களிடம் உண்டு. நம்மிடையேயும் நவநாளை அப்படிப் பார்ப்பவர்கள் உண்டு. செபம் கடவுளோடு செய்யும் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடக் கூடாது. ஒன்பது நாள் இருட்டில் எழுந்து நடந்தவருக்கு, கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், காத்திருக்கப் பழகிய ஓர் இதயம் கிடைக்கிறது. திருவருகைக் காலத்தின் அருள் அதுதான்.

புனித வாரத்தில் ஆண்டவரின் பாடுகளைச் செய்யுளாகக் குழுவாக அமர்ந்து இரவு பகலாகப் பாடுவார்கள். நம் வியாகுலப் பிரசங்கத்தையும் பாஸ்கா நாடகத்தையும் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உயிர்ப்பு ஞாயிறு விடியலில் நடக்கும் 'சலூபோங்' எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்கள் உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தெரு வழியாக வருவார்கள். பெண்கள் கறுப்பு முக்காடிட்ட அன்னை மரியாவின் சொரூபத்தோடு மறு தெரு வழியாக வருவார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில், வானதூதர் வேடமிட்ட ஒரு சிறுமி மேலிருந்து அன்னையின் கறுப்புத் துணியை விலக்குவாள். உயிர்ப்பைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினாலும், அந்த ஒரு நொடி சொல்வதைச் சொல்லிவிட முடியாது.

இத்தகைய மக்கள் பக்தியைப் பற்றித் திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு நற்செய்தி அறிவிப்பு பற்றிய தம் மடலில் இரண்டு பக்கத்தையும் காட்டினார். நெறிப்படுத்தினால் அது செல்வம். விட்டுவிட்டால் திரிந்துபோகக் கூடும். பிலிப்பைன்சில் ஒரு சில ஊர்களில் பெரிய வெள்ளியன்று சிலர் தங்களை ஆணியால் சிலுவையில் அறையச் செய்கிறார்கள். செய்தித்தாள்கள் அந்தப் படத்தைத்தான் தேடிப் போடுகின்றன. அந்நாட்டு ஆயர்கள் அதை ஊக்குவிப்பதில்லை. ஆண்டவர் ஒரே முறை தம்மைப் பலியாக்கினார், அது போதுமானது. ஒரு நாட்டின் பக்தியை அந்த ஒரு படத்தை வைத்து எடைபோட்டுவிடாதீர்கள்.

வீட்டைத் தோளில் சுமப்பவர்கள்

பழைய காலத்தில் அங்கே கிராமத்து வீடுகள் மூங்கிலாலும் ஓலையாலும் ஆனவை. ஒரு குடும்பம் இடம் மாறவேண்டும் என்றால், ஊரார் கூடி வீட்டுக்கடியில் மூங்கில்களைக் கொடுத்து, வீட்டையே அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். கூலி கிடையாது, அன்றைய சாப்பாடு மட்டும். இதற்குப் 'பயனிஹான்' என்று பெயர். இன்று வீடுகள் காரைக் கட்டடம் ஆகிவிட்டாலும், துன்பத்தில் கூடி நிற்பதற்கெல்லாம் அதே பெயர்தான். 1991ஆம் ஆண்டு நடந்த அந்நாட்டுத் திருஅவையின் இரண்டாவது பேரவை, 'ஏழைகளின் திருஅவையாக' வாழ உறுதி பூண்டு, நாம் அன்பியம் என்று அழைக்கும் சிறு குழுக்களை அதற்கு வழியாகக் கண்டது.

2013 நவம்பர் 8ஆம் நாள் வீசிய ஹையான் புயலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாக்லோபான் நகரம் சின்னாபின்னமானது. 2004 டிசம்பர் 26ஆம் நாளையும் வேளாங்கண்ணியையும் மறக்காத நமக்கு அந்தத் துயரம் தெரியும். 2015 சனவரி 17ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே போனபோதும் புயல் மழை. மக்கள் அணிந்திருந்த அதே மஞ்சள் மழை அங்கியைத் தாமும் அணிந்துகொண்டு திருப்பலி நிறைவேற்றினார். எழுதி வைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு, சிலுவையில் தொங்கும் ஆண்டவரையும் அருகில் நிற்கும் அன்னையையும் காட்டி, மனத்திலிருந்து பேசினார்.

இதே ஒற்றுமை ஒருமுறை வரலாற்றையும் மாற்றியது. 1986 பிப்ரவரி 22ஆம் நாள் இரவு, மணிலா பேராயர் கர்தினால் சின் வேரித்தாஸ் வானொலி வழியாக மக்களைத் தெருவுக்கு அழைத்தார். லட்சக்கணக்கானோர் செபமாலையோடும் உணவுப் பொட்டலங்களோடும் பீரங்கி வண்டிகளுக்கு முன்னே நின்றார்கள். 25ஆம் நாள் சர்வாதிகாரி மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார்.

பிரிவின் விலை

இவ்வளவு இருந்தும், அந்த நாட்டில் எல்லாருக்கும் வேலை இல்லை. ஏறக்குறைய ஒரு கோடிப் பிலிப்பினோக்கள் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணிக்கிறார்கள். செவிலியர்கள், கப்பல் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். உலகக் கப்பல்கள் எதில் ஏறினாலும் ஒரு பிலிப்பினோவைப் பார்க்கலாம். அவர்கள் பெரிய அட்டைப் பெட்டியில் சோப்பு, செருப்பு, மிட்டாய், டின் உணவு என்று மாதக்கணக்கில் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள். 'பாலிக்பாயன் பெட்டி' என்பது அதன் பெயர். பவுல் தொலைவில் இருந்தபோது பிலிப்பி மக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பொருள் அனுப்பினார்கள் என்று படிக்கிறோம் (பிலி 4:15-16). அன்பு பெட்டியில் ஏறிப் பயணம் செய்வது புதிதல்ல.

ஆனால் பெட்டிக்குள் தாயை வைத்து அனுப்ப முடியாதே. வேறொருவர் வீட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கும் தாய், தன் குழந்தை வளர்வதைக் கைப்பேசித் திரையில் பார்க்கிறாள். திருமண உறவுகள் விரிசல் காண்கின்றன. குடும்பம் முழுவதையும் தாங்கும் மூத்த மகளுக்கு, 'உள்ளத்தின் கடன்' சில வேளை சுமையாகவும் மாறுகிறது. இவை எல்லாம் அந்தத் திருஅவை தினமும் கண்ணீரோடு பார்க்கும் காரியங்கள். அவர்களை உங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டும்போது, இந்தக் காயத்தை மறைத்துவிட்டுக் காட்ட எனக்கு மனமில்லை.

இந்தக் காயத்தோடுதான் அவர்கள் போகிற இடமெல்லாம் நம்பிக்கையைக் கொண்டுபோகிறார்கள். 2021இல் அந்நாட்டில் கிறிஸ்தவம் வேரூன்றிய 500ஆம் ஆண்டை முன்னிட்டு உரோமையில் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை பிரான்சிஸ், அங்கு வேலை செய்யும் பிலிப்பினோப் பெண்களை நம்பிக்கையைக் 'கடத்திவருபவர்கள்' என்று செல்லமாகக் குறிப்பிட்டார். ஆலயங்கள் காலியாகிவரும் நகரங்களில், வேலைக்கு வந்த பெண்கள் விடியற்காலைத் திருப்பலியையும் பாட்டுக் குழுவையும் தொடங்கிவிடுகிறார்கள். சுமந்து செல்ல அவர்களுக்குப் பெரிய பொருள் எதுவும் தேவைப்படவில்லை. நெற்றியில் ஒற்றிய கை, செபமாலை, ஒரு சிறிய குழந்தை இயேசு, காகித நட்சத்திரம் போதும்.

இரண்டு குடும்பஸ்தர்கள்

லொரென்சோ ரூயிசும் ஊரைவிட்டுப் போனவர்தான். மணிலாவின் பினோந்தோ பகுதியில், சீனத் தந்தைக்கும் பிலிப்பினோத் தாய்க்கும் பிறந்தவர். தொமினிக்கன் குருக்களிடம் பீடச் சிறுவராக இருந்து, பின்பு எழுத்தர் வேலை பார்த்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. தம்மேல் விழுந்த ஒரு கொலைப் பழிக்கு அஞ்சி, 1636இல் குருக்களோடு கப்பல் ஏறினார். கப்பல் போய்ச் சேர்ந்ததோ கிறிஸ்தவர்கள் கொடுமைப்படுத்தப்பட்ட சப்பானுக்கு. 1637 செப்டம்பர் இறுதியில் நாகசாகியில், குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு உயிர்நீத்தார். மறுதலித்தால் விடுதலை என்றபோது, ஆயிரம் உயிர் இருந்தாலும் அத்தனையையும் கடவுளுக்கே தருவேன் என்ற பொருளில் பதில் சொன்னார் என்பது மரபு. 1987 அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

இதைக் கேட்கும்போது நம் புனித தேவசகாயம் உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், மணமானவர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர், 1752 சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டவர், 2022 மே 15ஆம் நாள் புனிதரானவர். இருவருமே குருக்கள் அல்லர், துறவியர் அல்லர். வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்திய பொதுநிலையினர். இரு நாட்டுத் திருஅவைகளும் இந்தக் குடும்பஸ்தர்களை நம் முன் நிறுத்துகின்றன.

நமக்கு என்ன?

புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய நம்பிக்கை பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் முதலில் குடிகொண்டிருந்தது என்று நினைவூட்டுகிறார் (2 திமொ 1:5). திமொத்தேயு பிற்காலத்தில் ஊர் ஊராகப் பயணம் செய்தார். பாட்டி கொடுத்தது அவரோடு பயணம் செய்தது.

நம் கிளியூரிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இன்று எத்தனையோ வீடுகளில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். பெற்றோர் திருப்பூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளும் நாளை மலையிறங்குவார்கள். நம்பிக்கை கோயில் கட்டடத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், மலையிறங்கும்போது அது இங்கேயே தங்கிவிடும். வீட்டுப் பழக்கமாகிவிட்டால் கூடவே போகும்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, இன்று மாலையிலிருந்து செபம் முடிந்ததும் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரையுங்கள். தாத்தா பாட்டிகளே, உங்கள் கைக்கு அந்த அதிகாரம் உண்டு. இரண்டு, வெளியூரில் இருக்கும் பெற்றோர் இரவு கைப்பேசியில் பிள்ளைகளோடு பேசும்போது, 'படிச்சியா, சாப்பிட்டியா' என்பதோடு ஓர் 'அருள் நிறைந்த மரியே' சேர்த்துச் சொல்லி முடியுங்கள். மூன்று, வேலைக்காக யாராவது புறப்பட்டால், அன்பியத்தார் அந்த வீட்டில் கூடிச் செபித்து வழியனுப்புங்கள். போகிற ஊரில் எந்தக் கோயில், எத்தனை மணிக்குத் தமிழ்த் திருப்பலி என்று விசாரித்துச் சொல்ல நான் இருக்கிறேன். அங்கே பக்கத்து இருக்கையில் ஒரு பிலிப்பினோ சகோதரி அமர்ந்திருந்தால், 'சாப்பிட்டீங்களா?' என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கேள்வி புரிந்துவிடும்.

செபிப்போம். தாயும் தந்தையுமான இறைவா, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன எங்கள் பிள்ளைகளையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் முதியோரையும், தாயின் முகத்தைத் திரையில் மட்டும் காணும் குழந்தைகளையும் உம் கரத்தில் வைத்துக் காத்தருளும். புனித லொரென்சோ ரூயிஸ், புனித தேவசகாயம் ஆகியோரின் பரிந்துரையால், போகும் இடமெல்லாம் உம்மைச் சுமந்து செல்லும் வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.